மெல்லினத்தில் ஒளியும் மன்னிப்பு

கண்ணாடிக் குவளை கீழே விழுந்து சிதறிக் கிடக்கிறது. அதைச் சொல்ல நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று 'உடைந்துவிட்டது', மற்றது 'உடைத்துவிட்டேன்'. நடுவில் 'ந்' வருகிறதா 'த்' வருகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மெல்லினம் வந்தால் குவளை தானாகவே உடைந்துகொண்டது. வல்லினம் வந்தால் அதைப் போட்டு உடைத்த ஆள் ஒருவர் வேண்டும். தொலைந்தது, தொலைத்தேன். கலைந்தது, கலைத்தேன். முறிந்தது, முறித்தேன். இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்த அதே ஜோடிகள். தப்பு செய்த மனிதர் முதலில் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் இடம் இந்த மெல்லினம்.

ஒருவர் கேட்கும் மன்னிப்பு செல்லுமா என்று பார்க்க அவர் முகவாட்டத்தையோ குரல் தழுதழுப்பையோ அளக்க வேண்டாம். வினைச்சொல்லைப் பார்த்தால் போதும். செய்தவர் யார் என்பது அந்த வினைமுற்றில் இருக்கிறதா? 'ஏன்' என்று முடிகிறதா, 'அது' என்று முடிகிறதா? மன்னிப்பில் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

நழுவுவதற்குத் தமிழ் வேறு வாசல்களையும் திறந்து வைத்திருக்கிறது. தினமும் அதன் வழியாகப் போய்வருவதால் வாசல் என்றே தெரிவதில்லை. 'கோபம் வந்துடுச்சு, பேசிட்டேன்' என்கிறோம். கோபம் வருவது உண்மைதான். எனக்குக் கோபம் வந்தது என்றுதான் தமிழில் சாதாரணமாகச் சொல்வோம், அதில் குற்றமில்லை. ஆனால் திட்டியது கோபம் இல்லையே, திட்டியது நாம். 'வாய் தவறி வந்துடுச்சு' என்பதும் இதே கணக்கு. அதில் வாய்க்குத் தனியாக ஒரு ஆள் வேலை செய்வது போல ஆகிவிடுகிறது.

'நானும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்' என்ற வாக்கியத்தில் இருக்கும் அந்த 'உம்' ஒரே எழுத்தசையில் குற்றத்தைப் பாதியாக வெட்டி மறுபாதியை எதிராளியின் மடியில் வைக்கிறது. 'நான் செஞ்சது தப்புதான்' என்று இழுக்கும்போது கேட்பவருக்கு அடுத்த சொல் தெரிந்துவிடும். 'தான்' வந்தால் பின்னாலேயே 'ஆனா' வரும். 'ஆனா' வந்தபின் அதற்கு முன்னால் சொன்னது எதுவும் காதில் நிற்காது. 'மனசு புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்' என்பதில் உள்ள 'ஆல்' இன்னும் மோசம். புண்பட்டதா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை, நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது அது. 'ஏதாவது தப்பா பேசியிருந்தா' என்பதில் வரும் 'ஏதாவது', என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கவே இல்லை என்பதற்கான வாக்குமூலம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 'நாம்'. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள ஒரு 'நாம்', விலக்கி வைக்க ஒரு 'நாங்கள்' என்று பிரித்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்த அருமையான வசதியை எடுத்து 'நமக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம்' என்று ஆரம்பிக்கிறார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே 'நாம்'. பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

இது தமிழருக்கு மட்டும் உள்ள நோயும் இல்லை. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபோது அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் 1987 ஜனவரி 27 அன்று நாடாளுமன்ற உரையில், கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்றார். யாரால் செய்யப்பட்டன என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அதே ரீகன் மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, என் செயல்களுக்கும் என் நிர்வாகத்தின் செயல்களுக்கும் முழுப் பொறுப்பை நான் ஏற்கிறேன் என்றார். அதே மனிதர், அதே விவகாரம். 'செய்யப்பட்டன' என்பதிலிருந்து 'நான்' என்பதற்கு வந்து சேர ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. இப்படிப் பார்த்தால், வீட்டில் ஒருவர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு மூன்றாம் நாள் வந்து பேசுவதை நான் தாமதம் என்றே சொல்லமாட்டேன்.

ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? அகம்பாவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம், ஆனால் அது பாதிதான் சரி. 1990இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு சம்பவங்கள் எழுதச் சொன்னார்கள். இன்னொருவர் தன்னைக் கோபப்படுத்தியது ஒன்று, தான் இன்னொருவரைக் கோபப்படுத்தியது ஒன்று. எழுதியது ஒரே ஆட்கள்தான், ஆனால் கதைகள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. பாதிக்கப்பட்டவராக எழுதும்போது சம்பவம் பல நாள் முன்பே ஆரம்பிக்கிறது, இன்றுவரை வலிக்கிறது, எதிராளி செய்ததற்கு எந்த நியாயமும் இல்லை. செய்தவராக எழுதும்போது அது ஒரு தனி நிகழ்ச்சி, அதற்குக் காரணம் இருந்தது, அது அன்றோடு முடிந்தும் போயிற்று.

ஆக, இருவரிடமும் இருப்பது வெவ்வேறு நாட்காட்டி. அடித்தவர் நாட்காட்டியில் அது ஒரு தேதி. அடிபட்டவர் நாட்காட்டியில் அது ஒரு பருவம். 'அன்னைக்கு நடந்ததை இன்னுமா பிடிச்சுக்கிட்டு இருக்க?' என்று ஒருவர் மனசாரக் கேட்கும்போது அவர் நடிக்கவில்லை. அவருடைய நாட்காட்டியில் அந்தத் தாள் கிழிக்கப்பட்டுவிட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை நாம் வெறும் பழமொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். உண்மையில் அது ஒரு கருவி. தன் முதுகைப் பார்க்க இரண்டு கண்ணாடி வேண்டும், இரண்டாவது கண்ணாடி எப்போதும் அடிபட்டவரிடம்தான் இருக்கும். மன்னிப்புக் கேட்கப் போகுமுன் அவர் பக்கத்துக் கதையை, அவர் சொல்வது போலவே, தன்மையில், ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'அவன் வந்தான், அவன் சொன்னான்' என்று நம்மை அவன் ஆக்கி எழுத வேண்டும். பத்து வரி போதும். ஐந்தாவது வரியில் கை தயங்கும். அந்த இடத்தைத்தான் மன்னிப்பில் சொல்ல வேண்டும்.

மன்னிப்புக்கு என்னென்ன உறுப்புகள் என்று ராய் லெவிக்கியும் உடன் இருந்தவர்களும் 2016இல் ஆராய்ந்தார்கள். ஆறு உறுப்புகள். வருத்தம் தெரிவிப்பது, ஏன் நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, கெடுத்ததைச் சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. ஆறும் இருந்தால் நல்லதுதான். ஆனால் எடை சமமில்லை. பொறுப்பேற்பது முதலிடம், சரிசெய்ய முன்வருவது அடுத்தது. கடைசி இடம் எதற்கு என்றால் மன்னிக்கும்படி கேட்பதற்கு! நாமோ 'மன்னிச்சிடு' என்பதை மட்டும் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புகிறோம். ஆறில் ஐந்து இல்லாமல் போனாலும் அந்த ஒன்று போதும் என்று நினைப்பது, சாவியைத் தொலைத்துவிட்டு சாவிக்கொத்தின் வளையத்தைக் காட்டுவது போன்றது.

விளக்கம் எங்கே முடிந்து சப்பைக்கட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று பலரும் குழம்புகிறார்கள். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்டபின் குற்றத்தின் எடை குறைகிறதா, அல்லது இனி நடக்காமலிருக்க என்ன மாற வேண்டும் என்று தெரிகிறதா? 'வேலை அதிகம், அதனால் வரமுடியவில்லை' என்றால் எடை குறைகிறது. 'ஒரே நேரத்துக்கு இரண்டு பேரிடம் வருவதாக ஒப்புக்கொண்டேன், உங்களிடம் சொல்லத் தைரியமில்லாமல் கடைசிவரை இழுத்தேன்' என்றால் எடை கூடுகிறது, ஆனால் கேட்பவருக்கு ஒரு விஷயம் புரிகிறது. சொல்பவரைக் கொஞ்சம் அசிங்கப்படுத்தாத விளக்கம் பெரும்பாலும் விளக்கமே இல்லை.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருத்தி தான் வேறு வேலை தேடுவதைத் தோழியிடம் நம்பிச் சொல்கிறாள். தோழி அதை அலுவலகத்தில் இன்னொருவரிடம் சொல்ல, அது மேலாளர் காதுவரை போய்விடுகிறது. தோழி அனுப்பும் செய்தி இது:

'ஸாரிடி. உன் விஷயம் வெளியே தெரிஞ்சுபோச்சுன்னு கேள்விப்பட்டேன். நான் வேணும்னு பண்ணல, உனக்கே தெரியும். பேச்சுவாக்குல வந்துடுச்சு. உன்னைக் கஷ்டப்படுத்தியிருந்தா மன்னிச்சிடு. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. மனசுல வெச்சுக்காத, ப்ளீஸ்.'

அவள் மனசு நல்ல மனசு. தூங்கவில்லை என்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வரி வரியாகப் பாருங்கள். 'தெரிஞ்சுபோச்சு' என்பதில் சொன்ன ஆள் இல்லை. 'கேள்விப்பட்டேன்' என்று, செய்தவளே செய்தி கேட்டவளாக மாறிவிட்டாள். 'வேணும்னு பண்ணல' என்பது யாரும் சுமத்தாத குற்றத்துக்குப் பதில், ஏனென்றால் புகார் வஞ்சகம் பற்றியது இல்லை, வாயடக்கம் பற்றியது. 'உனக்கே தெரியும்' என்று அடிபட்டவளையே சாட்சிக்கூண்டில் ஏற்றியாகிவிட்டது. 'இருந்தா' பற்றி முன்பே சொன்னேன். தூக்கமில்லை என்ற வரி வந்ததும் இப்போது யார் யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற கேள்வி வந்துவிடுகிறது. கடைசி வரி ஒரு வேலையைக் கொடுக்கிறது: மறப்பது உன் பொறுப்பு.

அதே தோழி, அதே மனசோடு, இப்படி எழுதலாம்:

'நீ வேற வேலை தேடுறத யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருந்த. நான் செவ்வாய்க்கிழமை மதியம் நம்ம டீம்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன். அவர் மூலமா மேனேஜர் வரைக்கும் போயிடுச்சு. உன் நம்பிக்கையை நான் கெடுத்துட்டேன், இப்ப நீ ஆபீஸ்ல தலைகுனிஞ்சு நிக்கிற மாதிரி ஆக்கிட்டேன். அவரைத் தவிர வேற யார்கிட்டயும் நான் சொல்லல. இன்னைக்குக் காலையில அவர்கிட்ட பேசி இதுக்கு மேல பரவக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். நானே மேனேஜர்கிட்ட போய் இதைச் சொன்னது நான்தான்னு ஒத்துக்கணும்னா ஒத்துக்கறேன். அது உனக்கு இன்னும் சிக்கல்னா செய்யமாட்டேன். நீ சொல்றபடி. மன்னிச்சிடு. உடனே பதில் போடணும்னு இல்ல.'

யாரிடம், எப்போது, எதுவரை போயிருக்கிறது என்ற கணக்கு இதில் இருக்கிறது. அடிபட்டவளுக்கு ஆறுதலைவிட முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்குதான், ஏனென்றால் அவள் நாளைக் காலை அலுவலகம் போக வேண்டும். சரிசெய்யும் வேலையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏற்கெனவே பரவியதை நிறுத்துவதைக் கேட்காமலே செய்துவிட்டாள். மேலாளரிடம் போவதைக் கேட்டுவிட்டுச் செய்கிறாள். கேட்காமல் அங்கே போயிருந்தால் பிராயச்சித்தம் என்ற பெயரில் இரண்டாவது காயம் ஆகியிருக்கும். மேலும் பரவாமல் தடுப்பதற்கு அனுமதி வேண்டாம், மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும். நல்லவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

வருந்து, வருத்து என்ற ஜோடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'வருந்துகிறேன்' என்றால் எனக்கு வருத்தம். 'வருத்தினேன்' என்றால் உனக்கு வருத்தம் தந்தேன். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எவ்வளவு பெரிய இடங்களில் நடக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்தெடுத்த கொள்கை உள்ளிட்ட கடந்தகால அநீதிகளுக்காக, 1999 ஆகஸ்டில் பிரதமர் ஜான் ஹோவர்ட் கொண்டுவந்த தீர்மானம் ஆழ்ந்த, உளமார்ந்த வருத்தம் தெரிவித்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. 2008 பிப்ரவரி 13 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் அதே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அடுத்தடுத்து வந்த நாடாளுமன்றங்களும் அரசுகளும் இயற்றிய சட்டங்களும் கொள்கைகளும் இந்தத் துயரத்தையும் இழப்பையும் ஏற்படுத்தின என்று, செய்தவர் யார் என்பதை வாக்கியத்துக்குள் வைத்தார். அந்த 'வருத்தின' என்ற வினைக்காகக் காத்திருந்தவர்கள் அவையிலும் வெளியிலும் அழுதார்கள். என்றாலும் அந்த மன்னிப்போடு இழப்பீடு வரவில்லை, அந்தக் குறை பல ஆண்டு பேசப்பட்டது.

இதற்கு நேர்மாறாக, இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களுக்காக 1988இல் வந்த சட்டம் மன்னிப்பையும் உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரையும் சேர்த்தே வைத்தது. 1990 அக்டோபரில் பணம் கொடுக்க ஆரம்பித்தபோது வயதில் மூத்தவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். அந்த வரிசைமுறை எனக்கு மிகவும் பிடிக்கும். யாருக்கு நேரம் குறைவு என்று யோசித்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர், மேலே சொன்ன அதே ரீகன்.

எப்போது கேட்பது? உடனே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சிந்தியா ஃபிரான்ஸ், கோர்ட்னி பென்னிக்சன் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. அடிபட்டவர் தன் பக்கத்தைச் சொல்லி, அது புரிந்துகொள்ளப்பட்டது என்று உணர்ந்த பிறகு வரும் மன்னிப்புக்கே பலன் அதிகம். அவர் வாயைத் திறக்கும்முன் 'ஸாரி ஸாரி ஸாரி' என்று கொட்டுவது பணிவு போலத் தோன்றினாலும் அது வாயை அடைக்கும் வேலை. முதலில் கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு மன்னிப்பு. ஆனால் தீங்கு இன்னும் தொடர்கிறது என்றால், பணம் போய்க்கொண்டிருக்கிறது, யாருக்கோ ஆபத்து இருக்கிறது, பொய்ச்செய்தி பரவிக்கொண்டிருக்கிறது என்றால், பொறுமையெல்லாம் பிறகு. அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும்.

மறுபக்கம் விழுகிற ஆட்களும் உண்டு. 'நான் ஒரு பாவி, எனக்கு உன்கூடப் பேசவே தகுதியில்லை' என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள். ஒரு புத்தகத்தைத் திருப்பித் தராததற்கு இவ்வளவு அழுகை வந்தால், புத்தகத்துக்குச் சொந்தக்காரர்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். செய்தது ஒன்று, அதைச் சொன்னால் போதும். முழுப் பிறவியையும் கண்டனம் செய்வதிலும் ஒரு நழுவல் இருக்கிறது: பிறவியே மோசம் என்றால் அந்தப் புத்தகம் மட்டும் எப்படித் திரும்பி வரும்?

மன்னிப்புக் கேட்க மறுப்பது ஒருவிதத்தில் சுகமாகவே இருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். டைலர் ஒகிமோட்டோவும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கேட்க மறுத்ததை நினைத்துப் பார்த்தவர்களுக்குத் தன்மதிப்பும் அதிகார உணர்வும் கூடியிருந்தது. மறுப்பவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். அவருக்கு உள்ளே நிஜமாகவே ஒரு பலம் கிடைக்கிறது, அதை விடச் சொல்கிறோம். கூடவே, ஒத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. மருத்துவத் தவறு நடந்தால் நோயாளியிடம் ஒளிக்காமல் சொல்லி, தங்கள் தவறு என்றால் இழப்பீடும் தர 2001 முதல் அங்கே ஆரம்பித்தார்கள். 2010இல் வந்த ஆய்வுப்படி, லட்சம் நோயாளி வருகைக்கு மாதம் 2.13 ஆக இருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன.

கேட்கப்படுகிறவருக்கும் ஒரு வார்த்தை. 'பரவாயில்லை' என்று அனிச்சையாகச் சொல்லிவிடாதீர்கள். பரவாயில்லை என்றால் சேதம் ஒன்றுமில்லை என்று பொருள். சேதம் இருக்கும்போது அப்படிச் சொல்வது எதிராளியிடமிருந்து சரிசெய்யும் வாய்ப்பைப் பிடுங்குவது. 'சொன்னதுக்கு நன்றி, எனக்குக் கொஞ்ச நாள் வேணும்' என்பது கெளரவமான பதில். அது கேட்டவருக்கும் தெளிவாக இருக்கும்.

கேட்டு முடித்த பிறகு வரும் வாரங்களில் 'இன்னும் கோபமா?' என்று விசாரிக்கக் கூடாது. ஒருமுறை கேட்டாலே அது கடன் வசூல் மாதிரி ஆகிவிடும். சொன்ன தேதியில் சொன்னதைச் செய்ய வேண்டும், செய்த தகவலை ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அதே தப்பு திரும்பவும் நடந்துவிட்டால் இரண்டாவது மன்னிப்பு முதல் மன்னிப்பை மறைக்கக் கூடாது. 'போன மாசமும் இதையேதான் செஞ்சேன், இனிச் செய்யமாட்டேன்னு சொன்னேன், திரும்பவும் செஞ்சிட்டேன்' என்று ஆரம்பிக்க வேண்டும். சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று வினை, மூன்றும் 'ஏன்' விகுதி.